உடும்புப்பிடி

கையை எடுக்காதீங்க என்று ஆம்புலன்ஸ் பெண் சொல்லியிருந்தாள், சந்தியாகு எடுக்கவில்லை. ஆம்புலன்ஸ் பாலத்து வளைவில் திரும்பியபோது உடம்பு மொத்தமும் ஒரு பக்கம் சாய்ந்து தலை மேல்கம்பியில் இடித்தது, அப்போதும் எடுக்கவில்லை. போர்வைக்கு அடியில், மச்சானுடைய வலது விலாவில், மாட்டுக் கொம்பு இறங்கிய இடத்தின் மேல், அவன் உள்ளங்கை அப்பியது அப்பியபடி கிடந்தது. பிடிப்பது ஒன்றுதான் அவனுக்குக் கைவந்த வித்தை. வருஷம் முழுக்கக் கட்டடத்தில் கம்பி கட்டுகிறவன்தான், ஆனால் தை பிறந்துவிட்டால் சுற்றுவட்டாரத்தில் அவனுக்குப் பேரே வேறு. உடும்பு சந்தியாகு எறங்கிட்டாருப்பா, மாட்டுக்காரங்க ஜாக்கிரதை என்று மைக்கில் சொன்னால் மரத்தின் மேல் உட்கார்ந்திருப்பவன்கூட விசிலடிப்பான். திமிலைக் கட்டினால் கட்டினதுதான். காளை சுற்றட்டும், துள்ளட்டும், மண்ணில் போட்டு இழுக்கட்டும், கோட்டைத் தாண்டும்வரை விடமாட்டான். சண்டையிலும் மனுஷன் அப்படித்தான், பிடித்த பேச்சை விடிய விடிய விடமாட்டார் என்று அவன் பெண்டாட்டி ஊரெல்லாம் சொல்லிவைத்திருக்கிறாள். சொல்லிவிட்டுப் போகட்டும். அந்தப் பிடியெல்லாம் இன்றைக்கு ஒரு நாளுக்கான பழக்கம்தான் போலிருக்கிறது, இந்த ஒரு பிடிக்காகத்தான் இத்தனை வருஷம் மாடுகளோடு மல்லுக்கட்டியிருக்கிறான் போலிருக்கிறது. கை மரத்துக்கொண்டு வந்தது. முழங்கையிலிருந்து எறும்பு ஊறியது. ஊறட்டும் என்று விட்டான்.

மாட்டை விட்டதுதான் வினையாகிப் போனது. மயிலைக்காளை வாடிவாசலைத் தாண்டி வந்தபோது அவன் இடது பக்கத்து அணைப்பலகையை ஒட்டி நின்றிருந்தான், கைக்கு எட்டுகிற தூரத்தில் திமில் போனது, எண்ணெய் போட்டு நீவிவிட்ட மினுமினுப்புகூடக் கண்ணுக்குத் தெரிந்தது, அவன் இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு ஒதுங்கி நின்றான். மைக்கில் சிரித்தார்கள். அக்கா வீட்டு மாடு, உடும்பு பெட்டிப்பாம்பாயிருச்சு என்று கேலி செய்தார்கள். பெண் கொடுத்த வீட்டு மாட்டில் கை வைப்பதில்லை என்பது அவர்கள் பக்கத்து வழக்கம். தம்பி கை திமிலில் விழுந்தால் அது அக்காளின் கௌரவத்தில் விழுந்த மாதிரி. அதனால் விட்டான். விட்ட மாடு யாருக்கும் பிடிபடாமல், ஓட்டம் குறையாமல், மாடு சேருகிற பொட்டலுக்குப் போனது. அங்கே கயிற்றோடு நின்றது அருளப்பன் மச்சான், செசிலியக்காளின் வீட்டுக்காரர், மாட்டுக்குச் சொந்தக்காரர். வா கண்ணு வா என்று கூப்பிட்டாராம். அவர் குரல் கேட்டால் நாய்க்குட்டி மாதிரி நிற்கிற மாடு. நின்றுமிருக்கிறது. பின்னாலேயே இன்னொரு மாடு வரவும் மிரண்டு தலையைத் திருப்பியிருக்கிறது, அவ்வளவுதான், திருப்பினது மட்டும்தான், குத்த வேண்டுமென்று குத்தவில்லை, எல்லோரும் அப்படித்தான் சொன்னார்கள். யாராவது ஒருத்தன் நடுவில் பிடித்திருந்தால், நான்கு துள்ளல் துள்ளவிட்டிருந்தால், மாடு மூச்சு வாங்கிக்கொண்டு மெதுவாகப் போயிருக்கும். ஒருத்தன் என்ன ஒருத்தன். அவன்தான். பிடிக்க வேண்டிய கையைக் கட்டிக்கொண்டு நின்றவன் அவன்தான். நினைக்க நினைக்க உள்ளங்கை தானாக இன்னும் கொஞ்சம் அழுந்தியது.

பொட்டலுக்கு முதலில் ஓடிப்போனதும் அவன்தான். சட்டையைக் கிழித்துப் பார்த்தால் ரத்தம் அவன் பயந்த அளவுக்கு இல்லை. ஆனால் ஓட்டை பேசியது. மச்சான் மூச்சை இழுக்கும்போதெல்லாம் விலாவில் சளக் சளக் என்று சத்தம், ஓரத்தில் நுரை. மூக்கும் வாயும் இருக்க விலாவால் மூச்சு விடுகிற மனுஷனை அவன் பார்த்ததில்லை. என்ன செய்வதென்று தெரியாமல் கையை வைத்துப் பொத்தினான். பொத்தியதும் அந்தப் பொத்தல் அவன் தோலைப் பிடித்து உள்ளே உறிஞ்சியது. இப்போது நினைத்தாலும் உள்ளங்கை கூசுகிறது. அதற்குள் ஆம்புலன்ஸ் பெண் பையோடு ஓடி வந்துவிட்டாள். நெஞ்சுப் பட்டையில் பவளக்கொடி என்று இருந்தது. சின்ன வயசுதான், ஆனால் கத்தவில்லை, பதறவில்லை. அப்படியே பொத்திப் புடிங்கண்ணே, நான் சொல்ற வரைக்கும் கையை எடுக்காதீங்க என்றாள். மச்சானைப் புரட்டி முதுகுப் பக்கம் இன்னொரு ஓட்டை இருக்கிறதா என்று தடவிப் பார்த்தாள், இல்லை. வேர்வையும் மண்ணும் எண்ணெயுமாக இருந்த விலாவைத் துணியால் துடைத்துத் துடைத்துக் காயவைத்தாள். பிறகு ஒரு பொட்டலத்தைக் கிழித்து உள்ளங்கை அகலத்துக்குக் கண்ணாடி மாதிரி ஒரு ஒட்டுத் தாளை எடுத்தாள். அதன் நடுவில் சின்னச் சின்ன வாய்க்கால் போலக் கோடுகள் ஓடின. மூச்சை வெளிய விடுங்கய்யா என்று மச்சானிடம் சொல்லி, அவர் விட்ட நேரம் பார்த்து, இப்ப எடுங்கண்ணே என்று இவன் கையைத் தட்டிவிட்டு, தாளை ஓட்டையின் மேல் ஒட்டி ஓரமெல்லாம் நீவினாள். ஒட்டும்போதே என்னவோ விளக்கமாகச் சொன்னாள். இது ரத்தத்துக்கு இல்லண்ணே, காத்துக்கு, இதுல வாசல் இருக்கு என்றவரைக்கும் காதில் விழுந்தது. அதற்குள் மைக்கில் அடுத்த மாட்டுக்குப் பரிசு அறிவித்து, குழல் ஊதி, கூட்டம் கத்தி, மீதி அதில் போய்விட்டது. வாசல் எங்கே என்று கேட்கிறாள் போலிருக்கிறதென்று நினைத்து அவன் கிழக்கே கையைக் காட்டி, வாடிவாசல் அந்தா இருக்கும்மா என்றான். அவள் ஒரு தடவை அவனை நிமிர்ந்து பார்த்தாள். பிறகு ஸ்ட்ரெச்சரைத் தூக்கச் சொன்னாள்.

அந்தப் பேச்சுதான் தொண்டையில் மீன்முள் மாதிரி நின்றது. இதுல வாசல் இருக்கு. எதுல? தாளுக்கு எதற்கு வாசல்? சரி, அது ஆஸ்பத்திரிக்காரர்கள் விவகாரம், அவனுக்குத் தெரிந்ததெல்லாம் கட்டடத்து வைத்தியம்தான். கம்பி குத்தினால் துண்டைச் சுருட்டி வை, அமுக்கிப் பிடி, விடாதே. வண்டி கிளம்பி முதல் வேகத்தடையில் தூக்கிப்போட்டபோது தாள் பிய்ந்துவிடுமோ என்று பயந்தான். மச்சான் உடம்போ வேர்வையில் குளித்துக் கிடக்கிறது. இந்த ஒட்டு எத்தனை நேரத்துக்குத் தாங்கும். பவளக்கொடி அந்தப் பக்கம் திரும்பி மூக்குமூடிக்குக் காற்றைத் திறந்துகொண்டிருந்தாள். அவன் சத்தமில்லாமல் போர்வைக்கு அடியில் கையை விட்டு, தாளின் மேல் பழையபடி உள்ளங்கையைப் பொதித்துக்கொண்டான். யாரிடமும் சொல்ல வேண்டுமென்று தோன்றவில்லை. அக்காளிடம் வேண்டுமானால் பிறகு சொல்லலாம். பையில் போன் அதிர்ந்துகொண்டே இருந்தது, அக்காள்தான், எடுக்க வேண்டுமென்றால் கையை எடுக்க வேண்டும், இன்னொரு கை மேல்கம்பியில். எடுத்தால்தான் என்ன சொல்வது. அக்காள் அழமாட்டாள், திட்டுவாள். மாடு மாடுன்னு கட்டிக்கிட்டு அழுதாரே, கட்டுன பொண்டாட்டிக்கு ஒரு நாள் தலைவாரி விட்டிருப்பாரா, அதுக்கு மட்டும் தினம் சீப்பு என்று கல்யாணமான நாளிலிருந்து திட்டுகிறாள். அருளப்பன் மச்சான் சிரித்துக்கொண்டே டிரம்பெட்டைத் துடைப்பார். கோயில் பேண்டு செட்டில் அவர்தான் முன்னால் நிற்கிறவர். தேர் சுற்றி வரும்போது கடைசி முக்கில் ஒரு நீட்டு நீட்டுவார், சாமி சப்பரம் நின்றுவிடும், தூக்குகிறவர்கள் தோள் மாற்றிக்கொள்வார்கள், அவர் இன்னும் ஒரே மூச்சில் நீட்டிக்கொண்டிருப்பார், கன்னம் இரண்டும் உப்பி, கண் மூடி. எங்கேதான் அவ்வளவு காற்றை வைத்திருக்கிறாரோ என்று ஜனம் மலைக்கும். இங்கேதான் வைத்திருந்திருக்கிறார், இந்தக் கைக்கு அடியில். அந்தக் காற்றைத்தான் அவன் இப்போது பொத்திக் காக்கிறான். ஒரு சொட்டு வெளியே போய்விடக் கூடாது. அக்காள் அறுதலி ஆகிவிடக் கூடாது, அவ்வளவுதான், அதற்கு மேல் அவனுக்கு ஒரு வேண்டுதலும் இல்லை. அந்தோணியாரே, இந்த மூச்சு நிற்கக் கூடாது, வேறு எது வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளும், இந்தக் கையையே வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளும்.

ஆனால் மூச்சு சரியில்லை. எப்போதிலிருந்து என்று சொல்லத் தெரியவில்லை. பொட்டலில் பாதி வார்த்தை பேசினவர், அதை அடிச்சிராதீங்கப்பா என்று மாட்டுக்காகக் கெஞ்சினவர், இப்போது பேச்சே இல்லை. மூச்சு குட்டை குட்டையாக அறுந்து அறுந்து வந்தது, ஓடி வந்த நாய்க்கு வருவதுபோல. காலை உதைத்தார். மூக்குமூடியைப் பிய்த்து எறியப் பார்த்தார். விரலில் மாட்டியிருந்த கிளிப்பின் பெட்டி இதுவரை நிதானமாகக் கூவிக்கொண்டிருந்தது, இப்போது ஸ்தாயி இறங்கி வேகம் பிடித்தது. பவளக்கொடி முகம் மாறுவதை அவன் பார்த்தான். காற்று உருளையைத் திறந்து பார்த்தாள், குழாயைத் தடவிப் பார்த்தாள், கழுத்தில் விரல் வைத்தாள். மச்சான் கழுத்து நரம்பு இரண்டும் டிரம்பெட் ஊதும்போது புடைக்குமே, அப்படிப் புடைத்திருந்தது. ஆனால் ஊதவில்லையே, படுத்துக் கிடக்கிறாரே. உதடு நீலம் பாரித்தது. அண்ணே வேகமாப் போங்க என்று அவள் டிரைவர் பக்கத்துக் கண்ணாடியைத் தட்டினாள். வேகம் கூடியது. சந்தியாகு இன்னும் அழுத்தினான். பயம் ஏற ஏற அவனுக்குக் கைதான் இறுகும், அது பிறவிக்குணம், மாடு எவ்வளவு உலுக்குகிறதோ அவ்வளவு இறுகும். கைக்கு அடியில் விலா கல் மாதிரி இருந்தது. பலூனை ஊதி முடிச்சுப் போட்டால் கையில் ஒரு விறைப்புத் தெரியுமே, அது. உள்ளே என்னவோ நிறைந்துகொண்டிருந்தது. ரத்தம் என்றால் வெளியே வந்திருக்க வேண்டுமே. ரத்தத்துக்கு இல்லண்ணே. காத்துக்கு. இதுல வாசல் இருக்கு. வாசல். மைக்கில் காலையிலிருந்து தொண்டை கட்டக் கத்திக்கொண்டிருந்தார்களே, அந்தக் குரல் திடீரென்று மண்டைக்குள் கேட்டது, வாசலுக்கு நேரா நிக்காதப்பா, வாசல மறிக்காத, மாடு வெளிய வரட்டும். வருஷா வருஷம் கேட்கிற குரல். புதிதாக இறங்குகிற எவனாவது வாசலுக்கு எதிரே போய் நிற்பான், அவனைக் காதைப் பிடித்து ஓரமாக இழுத்து விடுவது சந்தியாகுதான். மாடு உள்ளேயிருந்து வெளியே மட்டும்தான் வரும், திரும்பி உள்ளே போகாது, அதற்குத்தான் அந்த வாசலை அப்படிக் குறுக்கிக் கட்டியிருக்கிறது, வருகிறதை மறித்தால் உள்ளே ஒன்றன் மேல் ஒன்றாக முட்டி நெரிந்து, இது சின்னப் பிள்ளைக்கும் தெரியும். தாளின் நடுவில் வாய்க்கால் மாதிரி ஓடிய கோடுகள் அவன் கண்ணுக்குத் தெரிந்தன. போர்வைக்கு அடியில் இருந்ததை அவன் பார்க்கவில்லை, ஆனாலும் தெரிந்தன. அவற்றின் மேல், குறுக்கே, நட்டுவைத்த கல் மாதிரி, அவன் கை.

எடுக்க வேண்டும் என்று தெரிந்த பிறகும் கை எடுபடவில்லை. இதை யாரிடம் சொன்னாலும் நம்பமாட்டார்கள். விரல்கள் அவன் பேச்சைக் கேட்கவில்லை. காலையில் கையைக் கட்டிக்கொண்டு நின்றதற்கு இவ்வளவு பெரிய தண்டனை கொடுத்தீரே, அந்தோணியாரே, இப்போது மறுபடியும் விட்டால் என்ன கொடுப்பீரோ என்று உள்ளே எதுவோ மன்றாடியது. ஒருவேளை தவறாக நினைத்திருந்தால்? கையை எடுத்த அடுத்த நொடி மொத்தக் காற்றும் போய் மச்சான் துணி மாதிரி தொய்ந்துவிட்டால்? மேல்கம்பியைப் பிடித்திருந்த இன்னொரு கையை விட்டு, அதனால் இந்தக் கையின் மணிக்கட்டைப் பிடித்து, வேறு யாருடைய கையையோ விலக்குவது போலத் தூக்கினான். போர்வை விலகியது. பவளக்கொடி பார்த்துவிட்டாள்.

"சிஸ்டர், நான் கையை வச்சு மறிச்சுட்டேன். கெளம்புனதுலேருந்து."

அவள் ஒரு வார்த்தை திட்டியிருந்தால்கூட நன்றாக இருந்திருக்கும். போர்வையை ஒரே இழுப்பாக இழுத்துப் போட்டுவிட்டு விலாவுக்கு நேரே குனிந்தாள். அமுக்கியதில் கோடுகள் நசுங்கி, ரத்தம் அவற்றில் ஏறி உறைந்து சிவப்புக் கறையாக அடைத்திருந்தது. கையை எடுத்தும் மூச்சு திருந்தவில்லை. வாசல் அடைத்தது அடைத்ததுதான். அவள் தாளின் ஒரு முனையை விரல்நுனியால் நெம்பி மெதுவாகத் தூக்கினாள், அவன் உயிரைக் கொடுத்துப் பொத்திவைத்திருந்ததை, ஒட்டுப் பிரித்து, திறந்தே விட்டாள். புஸ் என்றது. சைக்கிள் டியூபில் பின்னைப் பிடுங்கினால் வருமே, அந்தச் சத்தம், கூடவே ரத்தத் துளிகள் அவள் கையுறையின் மேலும் அவன் சட்டையின் மேலும் தெறித்தன. காற்று வந்துகொண்டே இருந்தது. இவ்வளவு காற்றா, இவ்வளவும் உள்ளே அகப்பட்டுக்கொண்டா மனுஷனை மிதித்துக்கொண்டிருந்தது என்று அவனுக்கு அழுகை வந்துவிட்டது, அழுதான், மறைக்கவில்லை. மச்சான் விலா அவன் கண்ணெதிரே தணிந்தது. அடுத்த மூச்சு வந்தது, குட்டைதான், அதற்கடுத்தது கொஞ்சம் நீளம். அவள் கோடுகளைத் துணியால் துடைத்துவிட்டு, அவர் மூச்சை விட்ட நேரத்தில் முனையைப் பழையபடி ஒட்டி ஓரத்தை மட்டும் நீவினாள். நடுவில் அவள் விரல்கூடப் படவில்லை. பெட்டியின் கூவல் கொஞ்சம் கொஞ்சமாக மேலே ஏறியது. இனிமே நீங்க வெறுமனே பாத்தா போதும்ணே, மறுபடி மூச்சு அறுந்துச்சுன்னா சொல்லுங்க என்றாள், குரலில் கோபமில்லை, களைப்புதான் இருந்தது. வெறுமனே பார்ப்பது. அந்த வேலை அவனுக்கு யாரும் இதுவரை கொடுத்ததில்லை. பார்த்தான். கையை எங்கே வைப்பதென்று தெரியாமல் தொடையில் வைத்தான், அது அங்கேயும் தொடையைப் பிடித்துக்கொண்டது, பிரித்துவிட்டான், மறுபடி பிடித்தது. உள்ளங்கையில் அந்தத் தாளின் கோடுகள் அச்சாக விழுந்திருந்தன.

ஊர் வந்துவிட்டது. பஸ் சத்தம், பூக்கடைக்காரர்களின் கூப்பாடு, வண்டி ஒடித்து ஒடித்துப் போனது. மச்சான் கண்ணைத் திறந்து அவனைத் தேடினார். மூக்குமூடிக்குள் உதடு அசைந்தது. சந்தியாகு குனிந்து காதைக் கொடுத்தான்.

"மாப்ள... மாட்ட யாரு புடிச்சா?"

காலையிலிருந்து அவன் மனசைக் குடைந்துகொண்டிருந்த அதே கேள்வி. எந்தக் கையைப் பற்றி வருத்தப்படுவது என்றே அவனுக்குக் குழம்பிக் கிடந்தது. ஆனால் கேட்டவர் முகத்தில் குற்றம் சாட்டுகிற குறி எதுவும் இல்லை. மாட்டுக்காரர்கள் எல்லோரும் கேட்பதைத்தான் அவரும் கேட்டார், ஒரு பிள்ளை பரீட்சை எழுதிவிட்டு வந்ததும் அப்பன் கேட்பது மாதிரி. "யாருக்கும் புடிபடல மச்சான்" என்றான். "நானும் கை வைக்கல." அவர் கண்ணை மூடிக்கொண்டார். மூடிக்குள் கன்னம் லேசாக உப்பி அடங்கியதைப் பார்த்தான், சிரிக்கிறார் என்று தெரிந்தது. ஜெயித்த மாட்டுக்காரரின் சிரிப்பு. அவன் தலையில் அடித்துக்கொள்ள நினைத்து, முடியாமல், தானும் சிரித்துவிட்டான்.

ஆஸ்பத்திரி வாசலில் வண்டி நின்றது. பின்கதவு திறந்தவுடன் சந்தியாகுதான் முதலில் குதித்தான். குதித்த வேகத்தில் திரும்பி ஸ்ட்ரெச்சரின் கம்பியை எட்டிப் பிடித்தான், பழக்கம். உள்ளேயிருந்து வெள்ளைச் சட்டைக்காரர்கள் ஓடி வந்தார்கள். பவளக்கொடி அவர்களிடம் கொம்பு, வலது விலா, ஒருதடவை அடைச்சுக்கிச்சு, திறந்துவிட்டேன், உள்ள காத்து நிக்குது, குழாய் வைக்கணும் என்று கடகடவென்று ஒப்பித்தாள். யாருடைய கை என்று சொல்லவில்லை. வார்டுபாய் ஒருவர் ஸ்ட்ரெச்சரை இழுக்க வந்தவர், நடுவில் நின்ற சந்தியாகுவைப் பார்த்து, வாசலை மறிக்காதீங்கய்யா என்றார். அவன் கம்பியை விட்டான். ஒரு எட்டு நகர்ந்து, சுவரை ஒட்டி, இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றான். அவன் நெஞ்சுக்கு நேராக, கைக்கு எட்டுகிற தூரத்தில், மச்சானை உள்ளே கொண்டுபோனார்கள். பையில் போன் அதிர்ந்தது. எடுத்து, அக்கா, மூச்சு வருது என்றான்.